தேவாங்கு மெதுவானதா?

தேவாங்கு ஏன் மெதுவாக நகர்கிறது? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடை சொல்லி வருகிறார்கள். உடற்கூற்றியலார் அதன் இரத்தக் குழாய்களைக் காட்டினார்கள். உடலியங்கியலார் அதன் வயிற்றையும் உடல் வெப்பத்தையும் அளந்தார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் இரவாடி விலங்குகளைப் பின்தொடர்ந்தவர்கள், பகைவரிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் இந்த நிதானம் என்றார்கள். குரங்கினத்தின் தொடக்கத்தைத் தேடியவர்களோ இதை வேட்டைக்காரனின் பொறுமை என்றார்கள். இவற்றில் முழுக்கத் தள்ளிவிடக்கூடியது எதுவும் இல்லை. ஆயினும் திண்டுக்கல் முட்காடுகளிலும் இலங்கையின் ஈர வலயக் காடுகளிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த களப்பணியைப் பார்த்தால், கேள்வியே பாதி தவறாகக் கேட்கப்பட்டதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

விலங்கைப் பற்றி முதலில் சில செய்திகள். மனிதரும் குரங்குகளும் லெமூர்களும் அடங்கிய முதனி வரிசையைச் சேர்ந்தது தேவாங்கு. உடல் நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. எடை, இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 100 கிராமிலிருந்து 350 கிராம் வரை. வால் இல்லை. குச்சி போன்ற நீண்ட கைகால்கள், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் இரண்டு கண்கள், கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம். ஆட்காட்டி விரல் சிறுத்துக் கட்டைவிரல் அகன்றிருப்பதால் பிடி இடுக்கிபோல் இறுகும். உலகில் இது இயற்கையாக வாழும் நாடுகள் இந்தியாவும் இலங்கையும் மட்டுமே. இன்று பெரும்பாலோர் ஏற்கும் பகுப்பின்படி இதில் இரண்டு சிற்றினங்கள் உண்டு. ஒன்று இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்திலும் நடுமலையிலும் வாழும் செந்தேவாங்கு. மற்றது தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறள் வலயத்திலும் மலைப்பகுதியிலும் வாழும் சாம்பல் தேவாங்கு. தமிழ்நாட்டுச் சமவெளியின் முட்காட்டில் இருப்பதும் இலங்கையின் வன்னியில் இருப்பதும் இந்த இரண்டாவதன் உட்பிரிவுகள்.

பெயரோடு ஒட்டிய பழி

மந்தம் என்ற கருத்து ஐரோப்பாவில் அலமாரிகளில் பதப்படுத்தி வைத்த உடல்களிலிருந்து தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் அரும்பொருள் சேகரித்த ஆல்பர்ட் சேபா 1730களில் வெளியிட்ட படத்தொகுப்பில், இலங்கையிலிருந்து வந்த தேவாங்கை ‘மெல்ல நடப்பது’ என்ற பட்டத்தோடு சேர்த்தார். 1758இல், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அந்தப் பட்டத்தையே அறிவியல் பெயராக்கினார். அதன்பின் நேர்ந்ததுதான் இந்த விவாதத்தின் முதல் குழப்பம். வடகிழக்கு இந்தியாவிலிருந்து போர்னியோ வரை பரவியிருக்கும், பருத்த உடலும் குட்டையான கைகாலும் கொண்ட மந்தத் தேவாங்கு என்ற வேறொரு விலங்கையும் அதே பெயரில் அழைக்கத் தொடங்கினார்கள். அது உண்மையிலேயே நிதானமான விலங்கு. கல்கத்தாவில் அப்படி ஒன்றை வளர்த்த வில்லியம் ஜோன்ஸ், அதன் சாந்த குணத்தையும் மெல்லிய நடையையும் பற்றி எழுதிய குறிப்பு ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. லின்னேயஸின் பெயர் இலங்கையின் மெலிந்த தேவாங்குக்கே உரியது என்று தீர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு விலங்கின் நடை இன்னொரு விலங்கின் கணக்கில் எழுதப்பட்டு வந்தது.

இந்தக் காலத்தில் எழுந்த முதல் அறிவியல் விளக்கம் அந்தோணி கார்லைலுடையது. லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த அவர், 1800இல் அரச கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மெதுவாக நகரும் விலங்குகளின் கைகால் தமனிகள் ஒற்றைக் குழாயாக ஓடாமல் பல நுண்குழாய்களின் கற்றையாகப் பிரிகின்றன என்றும், இரத்தம் தணிந்து பாய்வதற்கும் மந்தமான அசைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் சொன்னார். கற்றைகள் இருப்பது உண்மை. அவர் தந்த விளக்கம் மட்டும் நிற்கவில்லை. சற்றும் மந்தமில்லாத திமிங்கில வகைகளிலும் இதையொத்த குழாய்க் கற்றைகள் உண்டு. பின்னாளில் தேவாங்கின் ஆப்பிரிக்க உறவினரான பொட்டோவை ஆராய்ந்தவர்கள் வேறு திசையில் யோசித்தார்கள். கிளையை நெடுநேரம் இறுகப் பற்றியிருக்கும்போது தசை சுருங்கியே இருக்கும். அப்போதும் இரத்த ஓட்டம் தடைபடாமல் இருக்க இந்த அமைப்பு உதவலாம் என்பது அவர்கள் கருத்து. தேவாங்கு ஒரு கிளையில் பின்கால்களை மட்டும் ஊன்றி, உடல் முழுவதையும் வெட்டவெளியில் நீட்டி அடுத்த கிளையைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பொருத்தமாகப் படும். கற்றை பிடிமானத்துக்கானது என்றால், மந்தத்துக்கு அது சான்று ஆகாது.

ஒளிந்து வாழ்வதற்கான நடை

இரண்டாவது விளக்கத்தின் பிறப்பிடம் நடு ஆப்பிரிக்காவின் கபோன். பிரெஞ்சு ஆய்வாளர் பியர் சார்ல்-டொமினிக் அங்கே ஐந்து இரவாடி முதனிகளை ஒரே காட்டில் வைத்து ஒப்பிட்டார். அவற்றில் மூன்று, தாவிப் பாயும் காலகோக்கள். மற்ற இரண்டும் தேவாங்கின் நெருங்கிய உறவினர், ஊர்ந்து செல்பவை. காலகோ ஆபத்தைக் கண்டால் பாய்ந்து தப்புகிறது. ஊர்பவை இலை அசையாமல் நகர்ந்து பகைவரின் கண்ணிலும் காதிலும் படாமல் தப்புகின்றன. ஒரே இரவை இரண்டு வழியில் பிழைக்கும் கலை என்று அவர் இதை வகுத்தார். 1977இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலானது.

இந்த வகைப்பாட்டை அப்படியே எடுத்துத் தென்னிந்தியத் தேவாங்கின்மேல் போர்த்தியதில்தான் சிக்கல். ஒளிந்து வாழும் விலங்கு தனியாகவும் ஓசையின்றியும் வாழும் என்பது அந்த விளக்கத்தின் உட்கிடை. திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யலூர்க் காட்டில் 1997–98இல் பணியாற்றிய அன்னா நெகாரிஸும், அதே காலத்தில் அதே வட்டாரத்தில் ஆய்வு செய்த சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் கண்டவை இதற்கு மாறானவை. தேவாங்குகள் இரவில் உரத்த சீழ்க்கை ஒலியால் ஒன்றையொன்று அழைக்கின்றன. பகலில் பெண்ணும் குட்டிகளும் ஆண்களும் ஒரே புதரில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு உறங்குகின்றன. தாய் குட்டிகளைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும்போது ஆண்கள் அந்தக் குட்டிகளை நாடி வருவதும் உண்டு. சைமன் பியர்டரும் நெகாரிஸும் இன்னொரு சக ஆய்வாளரும் 2002இல் எழுதிய ஒப்பாய்வும் இதை வலுப்படுத்துகிறது. பகைவிலங்கைக் கண்ட இரவாடி முதனிகள் எப்போதும் உறைந்து நின்றுவிடுவதில்லை. குரல் எழுப்புவதும் எதிர்கொள்வதும் உண்டு என்று அது காட்டியது.

இதனால் ஒளிதல் விளக்கம் பொய்த்துவிட்டது என்று சொல்லமுடியாது. முட்கிளைகளுக்குள் அசையாமல் நிற்கும் தேவாங்கைச் செந்நிற விளக்கொளியில் கண் பளபளப்பால் மட்டுமே கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் அதன் வாழ்க்கை முழுவதையும் ஒளிதல் என்ற ஒரே நோக்கத்தில் அடக்க முடியாது.

வயிற்றிலிருந்து வரும் விடை

என் மதிப்பீட்டில் இதுவரை வந்த விளக்கங்களில் வளமானது மூன்றாவது. 1985இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தேவாங்கின் உடல் வெப்பத்தையும் ஆற்றல் செலவையும் அளந்தபோது, அதே எடையுள்ள பாலூட்டியிடம் எதிர்பார்க்கும் அளவைவிட அதன் அடிப்படை வளர்சிதை மாற்றம் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. உடல் என்ற உலை தணிந்து எரிந்தால் நடையும் தணியும் என்பது எளிய முடிவு. வாழ்க்கைப் போக்கும் இதற்கு ஒத்துவந்தது. உடலளவில் ஒப்பிடத்தக்க சிறு காலகோக்கள் நான்கு மாதத்தையொட்டிக் குட்டி ஈனுகின்றன. தேவாங்கின் கர்ப்பகாலம் ஐந்தரை மாதம். பால்குடியும் நீள்கிறது. 1988இல் ராஸ்முசனும் இசார்டும் தேவாங்கு வகைகளையும் காலகோக்களையும் ஒப்பிட்டு, மெதுவான வளர்ச்சியும் குறைந்த வளர்சிதை மாற்றமும் சேர்ந்தே வருகின்றன என்று காட்டினார்கள்.

சரி, உலை ஏன் தணிந்தது? இங்கேதான் உணவு வருகிறது. அய்யலூர்த் தேவாங்குகள் உண்பதில் ஏறத்தாழ 96 விழுக்காடு விலங்குணவு என்று நெகாரிஸும் ராஸ்முசனும் 2003இல் எழுதினார்கள். முதனிகளில் இந்த அளவுக்கு உயிரிரையை நம்பி வாழ்பவை மிகக் குறைவு. அந்த இரையிலும் பெரும்பங்கு எறும்பும் கரையானும். அவற்றோடு மயிரால் அரிப்பூட்டும் கம்பளிப்புழு, நாற்றமடிக்கும் வண்டு, மரவட்டை எனப் பிற விலங்குகள் ஒதுக்கும் சிற்றுயிர்கள். இவற்றைத் தின்றபின் தேவாங்கு தும்முகிறது, எச்சில் வடிக்கிறது, கைகால்களில் சிறுநீரைப் பூசி முகத்தையும் தேய்த்துக்கொள்கிறது. நஞ்சுள்ள இரையை உண்பவை அந்த நஞ்சை முறிக்கக் கால அவகாசம் வேண்டி உடலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டன என்பது ஒரு வாதம். எறும்பும் கரையானும் தின்னும் பாலூட்டிகள் பலவற்றுக்கும் வளர்சிதை மாற்றம் குறைவு என்று பிரையன் மெக்நாப் காட்டியிருந்தது இதற்குத் துணையாயிற்று. மலேசியாவின் மந்தத் தேவாங்கை ஆராய்ந்த வீன்ஸும் சகாக்களும் 2006இல் இந்த வாதத்தைத் தாவர உணவுக்கும் நீட்டினார்கள். அது உண்ணும் பிசினும் பூந்தேனும் ஆற்றல் மிக்கவை, பற்றாக்குறை உணவு அல்ல. ஆகவே வேகம் குறைந்ததற்குத் தாவர நஞ்சே காரணமாகலாம் என்றார்கள்.

அழகான வாதம்தான், ஓட்டைகளும் உண்டு. காரணம் எது, விளைவு எது என்பது தெளிவில்லை. சார்ல்-டொமினிக்கே இதைத் தலைகீழாகப் பார்த்தார். மெதுவாக நகரும் விலங்கால் பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடிக்க முடியாது. மற்றவை தொடாமல் விட்டுவைத்த மெதுவான, நாறும் இரையே அதற்கு மிஞ்சுகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் நடை முன்னே, நஞ்சுணவு பின்னே. அடுத்த இடைஞ்சல்: குறைந்த வளர்சிதை மாற்றம் தேவாங்குக்கு மட்டும் உரியதன்று. லெமூர்கள் உட்பட ஈரமூக்கு முதனிகள் பலவற்றிலும் அது உண்டு. அவற்றில் பல மரத்துக்கு மரம் பாய்ந்து திரிகின்றன. அடிப்படைச் செலவு குறைவு என்பது ஓய்ந்திருக்கும் உடலின் கணக்கு. ஓடும்போது என்ன வேகம் என்பதை அதிலிருந்து நேரடியாகக் கணக்கிட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியதே இத்துறையில் நெடுங்காலம் நீடித்த பிழை என்று கருதுகிறேன்.

வேட்டைக்காரனின் பொறுமை

நான்காவது விளக்கம் தேவாங்கைத் தாண்டி நம்மையே தொடுகிறது. முதனிகளுக்குப் பற்றும் கையும், முன்னோக்கிய இரு கண்களும் எப்படி வந்தன? மரத்தில் வாழ்ந்ததால் வந்தன என்று பழைய பாடநூல்கள் சொல்லின. மாட் கார்ட்மில் 1974இல் அதை மறுத்தார். அணிலும் மரத்தில்தான் வாழ்கிறது, அதற்கு இவை இல்லையே என்று கேட்டார். மெல்லிய கிளைகளில் ஓசையின்றி நெருங்கி, தூரத்தைக் கண்ணால் அளந்து, கையால் பூச்சியைப் பற்றிய சிறு வேட்டைக்காரர்களே முதல் முதனிகள் என்பது அவர் முன்வைத்த மாற்று. அந்த மூதாதைக்கு உயிருள்ள முன்மாதிரியாக அவர் காட்டியவற்றுள் தேவாங்கும் ஒன்று. இந்தப் பார்வையில் நிதானம் குறையாகாது. அதுவே ஒரு கருவி. ராபர்ட் சஸ்மன் இதை ஏற்கவில்லை. பூக்கும் தாவரங்கள் பெருகியபோது நுனிக்கிளைகளின் பழத்தையும் பூவையும் தேடிச் சென்றதால்தான் பற்றும் கை வந்தது என்றார்.

2005இல் நெகாரிஸ் அய்யலூர்த் தரவுகளைக் கொண்டு இந்த விவாதத்தைச் சோதித்தார். தேவாங்கு கண்ணால் இரையைக் கண்டு, ஒரு கையாலோ இரு கைகளாலோ பற்றுவது உண்மை. அந்த வகையில் கார்ட்மிலுக்கு ஆதரவு உண்டு. ஆனால் ஒரு சங்கடத்தை மறைக்க முடியாது. தேவாங்கின் தட்டில் பெரும்பகுதி எறும்பும் கரையானும். வரிசையாக ஊரும் எறும்பைப் பிடிக்க ஓசையின்றி நெருங்க வேண்டிய தேவை என்ன? பதுங்கிப் பிடிக்க வேண்டிய இரை பல்லி, விட்டில், வெட்டுக்கிளி போன்றவை. அவற்றைப் பிடிக்கும் கடைசி நொடியில் தேவாங்கின் கை மின்னலாய்ப் பாய்கிறது. ஆகவே ‘மெதுவான விலங்கு’ என்பதைவிட ‘வேகத்தைத் தேவைக்கு ஏற்பச் செலவிடும் விலங்கு’ என்பதே அதன் வேட்டைக்குப் பொருந்தும்.

மஸ்முல்ல தந்த திருப்பம்

இலங்கையின் தென்பகுதியில் மஸ்முல்ல என்ற சிறு காட்டில் செந்தேவாங்குகளைப் பின்தொடர்ந்த நெகாரிஸும் ஸ்டீவன்ஸும் 2007இல் வெளியிட்ட கட்டுரை, அதுவரை பேசியவற்றின் அடித்தளத்தையே அசைத்தது. எல்லாத் தேவாங்குகளும் மெதுவானவை அல்ல என்பதே அதன் செய்தி. செந்தேவாங்கின் எடை 100 முதல் 170 கிராம் வரைதான். அய்யலூர்த் தேவாங்கில் ஏறத்தாழ பாதி. அது கொடிகளிலும் மெல்லிய கிளைகளிலும் நான்கு காலால் விரைந்தோடுகிறது. தாவுவதில்லை, ஆனால் ஊர்வதும் இல்லை. கூண்டில் வளர்ந்த விலங்குகளையும் மந்தத் தேவாங்கையும் பார்த்து உருவான பொதுக்கருத்து ஒரு சிற்றினத்துக்கு அறவே பொருந்தாமல் போயிற்று.

இதே சிற்றினத்தின் மறுகோடியில் ஹோர்ட்டன் சமவெளியின் மலைத் தேவாங்கு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல், குளிர்ந்த மேகக்காட்டில், அடர்ந்த மயிரோடும் குட்டையான கைகால்களோடும் வாழ்வது. கொழும்பில் பணியாற்றிய ஆஸ்மன் ஹில் 1942இல் இதற்குப் பெயரிட்டபோது, மந்தத் தேவாங்கை ஒத்த அதன் தோற்றத்தையே பெயராக்கினார். பல பத்தாண்டுகள் மிக அரிதாகவே கண்ணில் பட்ட இந்த விலங்கின் ஒளிப்படங்கள் 2010இல் வெளிவந்தன. தாழ்நிலத்தில் நீண்ட கால்களோடு ஓடும் உறவினர், மலையில் குட்டைக்காலோடு குளிரைத் தாங்கும் உறவினர்: ஒரே சிற்றினத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ‘தேவாங்கு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றை நடையைக் கற்பிப்பது சரியாகாது. வெப்பம், எடை, காட்டின் கிளையடர்த்தி மூன்றும் நடையைத் தீர்மானிக்கின்றன என்ற எண்ணத்துக்கு இது இடம் தருகிறது. நிறுவிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு ஒப்பாய்வுகள் இன்னும் நடக்கவில்லை.

மரபா, தனித்தனியாக வந்ததா?

மெதுவாக ஊரும் நடை ஆப்பிரிக்கப் பொட்டோக்களுக்கும் ஆசியத் தேவாங்குகளுக்கும் பொது. ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து என்றே முன்னர் கொள்ளப்பட்டது. எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில் கிடைத்து 2003இல் விவரிக்கப்பட்ட கரானிசியா என்னும் புதைபடிவம், இந்தக் கிளை மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று காட்டியது. அதன்பின் வந்த மரபணு ஆய்வுகள், ஆப்பிரிக்கக் கிளையும் ஆசியக் கிளையும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டன என்கின்றன. பிரிவு அவ்வளவு பழையது என்றால், இரு கண்டங்களிலும் இந்த நடை தனித்தனியாக உருவாகியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் ஆப்பிரிக்காவில் ஒரு காரணம், ஆசியாவில் வேறொரு காரணம் என்று இருக்கலாம். கபோன் காட்டின் விடையைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவரும் உரிமையே கேள்விக்கு உள்ளாகிறது.

நடையும் பாதுகாப்பும்

இந்த விவாதத்தை ஏட்டளவில் நிறுத்த முடியாததற்குக் காரணம் உண்டு. தேவாங்கின் கண்ணும் உடலும் மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் உதவும் என்ற நம்பிக்கையால் அது இன்றும் பிடிக்கப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. நல்ல தொடக்கம். ஆனால் தாவ முடியாத விலங்கு அது என்ற உண்மை, எல்லைக்கோட்டோடு முடிவதில்லை. கிளைக்கும் கிளைக்கும் இடையே கையெட்டாத இடைவெளி விழுந்தால் தேவாங்கு தரையில் இறங்கித்தான் கடக்கவேண்டும். சாலையும் நாயும் மின்கம்பியும் காத்திருக்கும் இடம் அது. அய்யலூரில் ஒரு பெண் தேவாங்கின் வாழ்பரப்பு ஒன்றரை ஹெக்டேரை ஒட்டியது. ஆணுடையது அதைவிட இருமடங்குக்கு மேல். இவ்வளவு சிறிய பரப்பில் வாழும் விலங்குக்கு ஓர் உயிர்வேலி அழிவதுகூடப் பெரிய இழப்பு.

எங்கே நிற்கிறோம்

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு சொல்லலாம். தேவாங்கின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு குறைவு என்பது உறுதி. அது நாறும் இரையையும் கடிக்கும் இரையையும் பெரிதும் நம்புகிறது என்பது அய்யலூரைப் பொறுத்தவரை உறுதி. இவை இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும். அந்தத் தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது திறந்த கேள்வி. பகைவரிடமிருந்து ஒளிதலும் இரையை நெருங்குதலும் நடையின் சில பகுதிகளை விளக்குகின்றன, முழுவதையும் அல்ல. செந்தேவாங்கின் ஓட்டம், ‘ஏன் மெதுவாக?’ என்பதைவிட ‘எப்போது மெதுவாக, எப்போது விரைவாக, எந்தக் காட்டில்?’ என்று கேட்பதே சரி என்று காட்டிவிட்டது.

அதற்கு விடை காண வேண்டுமானால், முட்காட்டிலும் முண்டந்துறை போன்ற மலைக்காட்டிலும் வன்னியிலும் ஈர வலயத்திலும் ஒரே முறையில் அளந்த தரவுகள் தேவை. விலங்கும் காடும் நம் வாசலில் இருக்கின்றன. செந்நிற விளக்கும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். திண்டுக்கல், திருச்சி, மதுரைக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களும் இதைக் கூட்டாக எடுத்துச் செய்ய வேண்டும். அதுவரை, கடவூரைச் சுற்றிய ஊர்களில் சாலையை அகலப்படுத்துவோரும் வேலியைத் திருத்துவோரும் கிளைகள் கைகோத்து நிற்கும் புதர்வரிசைகளை வெட்டாமல் விடவேண்டும்.